பழுதுப் பதிவேட்டின் பயணம்: பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையோரத்தில் இணையப் பெட்டியின் குறிப்புகள்

வீட்டு இணையப் பெட்டி, இணைப்பு அறுந்த ஒவ்வொரு முறையும் அது நடந்த நேரத்தையும் காரணத்தையும் ஒரு வரியாகத் தன் நினைவகத்தில் குறித்து வைக்கிறது. மோடம், ரூட்டர், ஓ.என்.டி. என்று எந்தப் பெயரில் அழைக்கப்பட்டாலும் இந்தக் குறிப்பேடு அதற்குள் உண்டு. திருவனந்தபுரம் மாவட்டத்தின் தென்கோடியில், கன்னியாகுமரி மாவட்டத்தைத் தொட்டுக் கிடக்கும் பாறசாலை, காரோடு, இஞ்சிவிளை, குன்னத்துகால், வெள்ளறடை, பொழியூர் முதலிய ஊர்களின் வீடுகளிலும் இதே பெட்டிதான் இருக்கிறது. தமிழும் மலையாளமும் புழங்கும் இவ்வீடுகளில் பெட்டியின் குறிப்புகள் மட்டும் ஆங்கிலத்திலேயே எழுதப்படுகின்றன. அவற்றைப் படிப்பவர் அரிது. ஆயினும் ஒவ்வொரு வகைக் குறிப்பும் இந்தப் பகுதிக்கு வந்து சேர்ந்த ஒரு தொழில்நுட்பத்தின் தடயம். கம்பியின் வரலாறு தெரிந்தால் குறிப்பின் பொருள் விளங்கும்.

காகிதப் பதிவேட்டின் காலம்

நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் திருவனந்தபுரத்திலிருந்து நாகர்கோவில் செல்லும் பழைய நெடுஞ்சாலையில் அமைந்தவை. திருவிதாங்கூர் அரசு தனக்கெனத் தனி அஞ்சல் முறையை நடத்தியது. மணி கட்டிய கோலுடன் ஓடிய அஞ்சலோட்டக்காரர்கள் அதன் அடையாளம். 1951இல் அது இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. அதன்பின் ஐந்தாண்டில், 1956 நவம்பர் 1 அன்று, விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகச் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கும் இஞ்சிவிளைக்கும் இடையே மாநில எல்லை அமைந்தது. அந்தக் கோடு பின்னாளில் தொலைபேசிக் கம்பிக்கும் இணையத்துக்கும் எல்லையானது.

அந்தக் காலத்துத் தந்தித் தாளில் செய்தி கொடுக்கப்பட்ட நேரமும் வந்து சேர்ந்த நேரமும் எழுதப்பட்டன. தாமதம் எங்கே நேர்ந்தது என்பதை அந்த இரண்டு நேரங்களே காட்டிவிட்டன. தொலைபேசி நிலையங்களிலும் இந்தப் பழக்கம் தொடர்ந்தது. சந்தாதாரர் 198 என்ற எண்ணில் புகார் சொன்னால் அதற்கு ஒரு டாக்கெட் எண் போடப்படும். நிலையத்தில் கம்பியைச் சோதித்துப் பழுதை வகைப்படுத்துவார்கள். கம்பி மண்ணைத் தொட்டால் எர்த், இரண்டு கம்பிகள் ஒன்றையொன்று தொட்டால் லூப், கம்பி அறுந்தால் டிஸ்கனெக்‌ஷன், ஈரம் ஏறினால் இன்சுலேஷன் குறைவு. பின்பு லைன்மேன் கையில் சோதனைத் தொலைபேசியுடன், கம்பிகள் பிரியும் டி.பி. பெட்டியைத் திறந்து பார்ப்பார். பழுதின் விவரம் முழுவதும் நிலையத்துப் பதிவேட்டிலேயே தங்கியது. வீட்டில் இருந்தவருக்குக் கிடைத்தது டாக்கெட் எண் மட்டுமே.

எல்லையின் தாக்கம் எண்களில் வெளிப்படையாகத் தெரிந்தது. நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் திருவனந்தபுரத்தின் 0471 குறியீட்டுக்குள் வந்தன. எல்லைக்கு அப்பால் களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிக்குக் குழித்துறையின் 04651. நடந்தே போய்விடக்கூடிய தூரத்து வீட்டுக்கும் குறியீட்டெண் சேர்த்தே அழைக்க வேண்டியிருந்தது. எல்லையின் ஒரு பக்கம் திருவனந்தபுரத் தொலைத்தொடர்பு வட்டாரத்துக்கு உட்பட்டது, மறுபக்கம் நாகர்கோவில் வட்டாரத்துக்கு. முன்னது கேரள வட்டம், பின்னது தமிழ்நாடு வட்டம். கைபேசி வந்த பிறகும் இந்தப் பிரிவு நீடித்தது. எல்லையோரக் கைபேசி பக்கத்து மாநிலக் கோபுரத்தைப் பிடித்துவிட்டால் அது ரோமிங் ஆகிவிடும். 2015 ஜூன் 15 முதல் பி.எஸ்.என்.எல். ரோமிங்கில் உள்வரும் அழைப்புகளை இலவசமாக்கியது.

இயந்திரம் எழுதத் தொடங்கியது

மத்திய அரசு 1984இல் சி-டாட் என்னும் ஆய்வு நிறுவனத்தைத் தொடங்கியது. அது உருவாக்கிய, 128 இணைப்புகள் கொண்ட ஊரகத் தானியங்கி நிலையம் 1986இல் கர்நாடகத்தின் கித்தூரில் முதன்முதலாக நிறுவப்பட்டது. குளிரூட்டல் இல்லாமலே வெப்பத்திலும் தூசியிலும் இயங்கும்படி வடிவமைக்கப்பட்டதால் இவ்வகை நிலையங்கள் இந்தியக் கிராமங்களுக்கு ஏற்றவையாக அமைந்தன. பழுதை மனிதர் தேடிக் கண்டுபிடித்த முறை இக்கருவிகளோடு மாறத் தொடங்கியது. சி-டாட்டின் பெரிய நிலையங்களில் எச்சரிக்கைப் பலகை ஒன்று இருந்தது. எந்த அட்டை பழுது, எந்தப் பகுதி இயங்கவில்லை என்பதை விளக்குகளாலும் செய்தி வரிகளாலும் இயந்திரமே தெரிவித்தது.

கணினி உலகில் இதற்கு இணையான மாற்றம் 1980களில் அமெரிக்காவின் பெர்க்கிலியில் நிகழ்ந்தது. எரிக் ஆல்மன் தாம் எழுதிய சென்ட்மெயில் என்னும் மின்னஞ்சல் நிரலுக்காக சிஸ்லாக் என்ற பதிவு முறையை உருவாக்கினார். யூனிக்ஸ் நிரல்கள் பலவும் அதை ஏற்றுக்கொண்டன. 2001இல் அதன் நடைமுறை ஆவணமாக வெளிவந்தது. 2009இல் முறையான தரநிலை வந்தது. இன்றைய வீட்டு இணையப் பெட்டிகளில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குபவை. அதனால் அவற்றின் குறிப்பேடும் இந்த மரபைச் சேர்ந்ததே.

சிஸ்லாக் ஒவ்வொரு குறிப்புக்கும் 0 முதல் 7 வரை ஒரு தீவிர நிலை தருகிறது. 0 எமர்ஜென்சி: கருவியே இயங்க முடியாத நிலை. 1 அலர்ட்: உடனே கவனிக்க வேண்டியது. 2 கிரிட்டிகல்: மோசமான நிலை. 3 எரர்: பிழை. 4 வார்னிங்: எச்சரிக்கை. 5 நோட்டீஸ்: இயல்பானது, ஆனால் கவனத்துக்குரியது. 6 இன்ஃபர்மேஷனல்: வெறும் தகவல். 7 டீபக்: நிரலாளருக்கானது. எண் குறையக் குறைய நிலைமை கடுமை. குறிப்பின் தொடக்கத்தில் கோண அடைப்புக்குள் ஓர் எண் காணப்பட்டால் அதை 8ஆல் வகுக்க வேண்டும். மீதி தீவிர நிலையையும் ஈவு அதை எழுதிய பகுதியையும் காட்டும். 30 என்றிருந்தால் ஈவு 3, மீதி 6. பின்னணியில் இயங்கும் ஒரு சேவை தந்த வெறும் தகவல் அது. குறிப்பேட்டின் பக்கத்தைத் திறந்து திகைப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது இந்த வரிசைப்படுத்தல்தான். 5, 6, 7 நிலைகளைத் தள்ளிவிட்டால் மிஞ்சும் சில வரிகளில் பெரும்பாலும் பழுது இருக்கும்.

செம்புக் கம்பியின் குறிப்புகள்

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. 2004 அக்டோபரில் வெளியான அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகத்தை அகலக்கற்றையின் தொடக்க அளவாக வரையறுத்தது. 2005 ஜனவரியில் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் என்ற பெயரில் சேவையைத் தொடங்கியது. அது பேசப் பயன்பட்ட அதே செம்புக் கம்பி இணையில் ஏ.டி.எஸ்.எல். முறையில் ஓடியது. குரல் கீழ் அலைவரிசையிலும் தரவு மேல் அலைவரிசையிலும் சென்றன. இந்த மோடத்தோடுதான் குறிப்பேடு முதன்முதலாக வீட்டுக்குள் நுழைந்தது. உலாவியில் 192.168.1.1 என்று தட்டினால் அதன் பக்கம் திறந்தது.

ஏ.டி.எஸ்.எல். குறிப்புகளில் அடிக்கடி வருவது ‘டி.எஸ்.எல். லிங்க் டவுன்’. மோடத்துக்கும் நிலையத்துக்கும் இடையிலான உடன்பாடு முறிந்தது என்பது இதன் பொருள். இதற்கு அடுத்து ‘டிரெய்னிங்’ என்று வந்தால் இரண்டும் மீண்டும் பேசி வேகத்தை முடிவு செய்கின்றன. ஏன் முறிந்தது என்பதை இரண்டு அளவுகள் சொல்லும். ஒன்று எஸ்.என்.ஆர். மார்ஜின்: இரைச்சலுக்கு மேல் சமிக்ஞைக்கு மிஞ்சியிருக்கும் இடைவெளி. 6 டெசிபல் அளவுக்குக் கீழே போனால் இணைப்பு தடுமாறும். மற்றொன்று அட்டென்யுவேஷன்: வழியில் இழந்த ஆற்றல். நிலையத்திலிருந்து தூரம் கூடக் கூட இது உயரும். தூரத்தால் வரும் இழப்பு எந்நாளும் ஏறத்தாழ ஒரே அளவாக இருக்கும். மழையால் வரும் இரைச்சலோ வானிலையோடு ஏறி இறங்கும். ஆகவே மழைநாளில் மட்டும் மார்ஜின் சரிந்தால் குற்றவாளி ஈரம் புகுந்த இணைப்பு.

இந்தப் பகுதிக்கு அந்த வேறுபாடு முக்கியமானது. இடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழையும் இங்கே உண்டு. துலாவர்ஷ காலத்தில் பிற்பகல்களில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டி இடியும் மின்னலும் எழும். நீண்டு ஓடும் செம்புக் கம்பி மின்னலின் பாய்ச்சலை வீட்டுக்குள் கொண்டுவரும். வானம் இருட்டியதும் தொலைபேசி ஒயரையும் மின் அடாப்டரையும் கழற்றி வைக்கும் வழக்கம் அதனால்தான் வந்தது. பொழியூர் போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று கம்பி முனைகளை அரித்தது. ‘சி.ஆர்.சி. எரர்’ என்ற, சிதைந்து வந்த தரவின் எண்ணிக்கை மணிக்கு மணி உயர்ந்துகொண்டே போனால், அரித்த முனையோ ஈரம் கண்ட இணைப்போ முதலில் சந்தேகிக்கத்தக்கவை.

திருவனந்தபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் தொலைக்காட்சிக் கேபிள் வழியாகவும் இணையம் வந்தது. 1997இல் உருவான டாக்சிஸ் என்னும் முறை அதற்கு அடிப்படை. கேபிள் மோடத்தின் குறிப்பேட்டில் ‘டி3 டைம்அவுட்’, ‘டி4 டைம்அவுட்’ என்று வரும். மோடம் கேட்ட கேள்விக்குத் தலைமை நிலையம் பதில் தராதது டி3. நிலையத்திலிருந்து பராமரிப்பு அழைப்பே வராமல் சுமார் அரை நிமிடம் கழிந்தது டி4. டி3 அடிக்கடி வந்தால் மேல்நோக்கிச் செல்லும் பாதையில் இரைச்சல் இருக்கிறது. பெரும்பாலும் தளர்ந்த இணைப்பு முனையோ பழைய பிரிப்பானோ காரணமாக இருக்கும்.

கண்ணாடி இழையின் குறிப்புகள்

ஜி-பான் என்னும் இழை முறைக்கு 2003 முதல் பன்னாட்டுத் தரநிலை உண்டு. நிலையத்திலிருந்து புறப்படும் ஒரே இழை வழியில் பிரிப்பான்களால் 32 அல்லது 64 வீடுகளுக்குப் பகிரப்படும். கீழ்நோக்கி 1490 நானோமீட்டர் ஒளியும் மேல்நோக்கி 1310 நானோமீட்டர் ஒளியும் ஒரே இழையில் செல்கின்றன. கேரளத்தில் இழை பரவியதில் மின்கம்பங்களுக்குப் பெரும் பங்குண்டு. மாநில மின்வாரியத்தின் கட்டமைப்பைப் பயன்படுத்தி அரசு அமைத்த கே-ஃபோன் வலையமைப்பு 2023 ஜூன் 5 அன்று தொடங்கி வைக்கப்பட்டது. ஏழைக் குடும்பங்கள் 20 லட்சத்துக்கு இலவச இணையம் தருவது அதன் அறிவிக்கப்பட்ட இலக்கு. 

செம்பு தந்த குறிப்புகள் பல இழையில் மறைந்தன. கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது, ஈரத்தில் இரைச்சலும் ஏறாது. ஆனால் மரக்கிளை விழுந்தாலும் சாலை தோண்டினாலும் அது முறியும். இழையின் முதன்மைக் குறிப்பு ‘லாஸ் ஆஃப் சிக்னல்’. அந்நேரம் பெட்டியில் எல்.ஓ.எஸ். விளக்கு சிவப்பாக எரியும். ஒளி துளியும் வரவில்லை என்பது இதன் பொருள். பெட்டியை அணைத்துப் போடுவதால் இது சரியாகாது, இழையை ஒட்ட ஆள் வர வேண்டும்.

ஒளி வருகிறது, ஆனால் மங்கலாக வருகிறது என்ற நிலை இதைவிட நுட்பமானது. ‘ஆர்.எக்ஸ். பவர்’ என்ற அளவு அதைக் காட்டும். பொதுவான பி பிளஸ் வகைக் கருவிகளில் இது மைனஸ் 8 முதல் மைனஸ் 27 டி.பி.எம். வரை இருக்கலாம். மைனஸ் 27 என்பது ஒரு வாட்டின் பத்து லட்சத்தில் இரண்டு பங்கு மட்டுமே. 3 டெசிபல் குறைந்தால் ஒளி பாதியாகிறது. மைனஸ் 20இல் இருந்த வீடு ஒரு நாள் மைனஸ் 26 காட்டினால் வந்த ஒளியில் முக்கால் பங்கு எங்கோ கசிகிறது. இழை அளவுக்கு மீறி வளைந்திருக்கலாம், ஒட்டு கெட்டிருக்கலாம், முனையில் தூசி படிந்திருக்கலாம். இணைப்பு முழுதும் அறுவதற்கு முன்பே இந்த எண் எச்சரித்துவிடும்.

இழைப் பெட்டியின் மற்றொரு செய்தி ‘டையிங் கேஸ்ப்’. மின்சாரம் போகும் கணத்தில், உள்ளே மின்தேக்கியில் மிஞ்சிய சிறு ஆற்றலைக் கொண்டு பெட்டி இந்தக் கடைசிச் செய்தியை நிலையத்துக்கு அனுப்பிவிட்டு அணைகிறது. இதனால் நிலையத்தில் இருப்பவருக்குக் கரண்டு போன வீடு எது, இழை அறுந்த வீடு எது என்று தெரிகிறது. கடைசிச் செய்தி வராமலே ஒரு தெருவின் வீடுகள் பலவும் ஒன்றாக மறைந்தால் பொது இழையே அறுந்திருக்கிறது.

எல்லாக் கம்பிக்கும் பொதுவானவை

கம்பி நன்றாக இருந்தும் இணையம் வராத நாட்கள் உண்டு. பி.பி.பி.ஓ.இ. என்னும் நுழைவு முறை 1999இல் வெளியானது. இதில் பெட்டி முதலில் ‘பாடி’ என்ற அழைப்பை விடுக்கும். நிலையம் ‘பாடோ’ என்று பதில் தரும். பெட்டி ‘பாடர்’ என்று வேண்டும். நிலையம் ‘பாட்ஸ்’ என்று ஏற்கும். குறிப்பேட்டில் ‘பாடி’ மட்டும் திரும்பத் திரும்ப வந்து பதிலே காணாவிட்டால் பெரும்பாலும் நிலையத்துப் பக்கம் பழுது. நான்கும் முடிந்த பிறகு ‘ஆதென்டிகேஷன் ஃபெயில்ட்’ என்று வந்தால் பாதை சரி. பயனர் பெயர், கடவுச்சொல், கட்டணப் பாக்கி இவற்றில் ஒன்றே தடை. ‘எல்.சி.பி. எக்கோ’ தவறியதாக வந்தால் பேசிக்கொண்டிருந்த தொடர்பு நடுவில் நின்றது.

டி.எச்.சி.பி. முறையில் பெட்டி முகவரி கேட்டுப் பெறுகிறது. ‘டிஸ்கவர்’ இருந்து ‘ஆஃபர்’ இல்லையென்றால் முகவரி கொடுப்பவர் பதில் தரவில்லை. ‘டி.என்.எஸ்.’ தோல்வி என்றால் இணைப்பு இருக்கிறது, தளங்களின் பெயரை முகவரியாக மாற்றும் சேவைதான் நின்றிருக்கிறது. வெளி முகவரி 100.64 என்று தொடங்கினால் ஒரே பொது முகவரியைப் பல வீடுகள் பகிர்கின்றன. இது பழுது இல்லை. முகவரித் தட்டுப்பாட்டால் 2012இல் இதற்கெனத் தனித் தொகுதி ஒதுக்கப்பட்டது.

‘போர்ட் ஸ்கேன்’ என்ற பாதுகாப்பு வரிகள் பலரை அச்சுறுத்துகின்றன. இணையத்தில் தானியங்கி நிரல்கள் ஓயாமல் கதவுகளைத் தட்டிக்கொண்டே இருக்கின்றன, பெட்டி அவற்றைத் தடுத்ததையே பெரும்பாலும் அந்த வரி சொல்கிறது. தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விடுவதே மெய்யான ஆபத்து. 2017 ஜூலையில் அவ்வாறு விடப்பட்ட பி.எஸ்.என்.எல். மோடம்களைத் தீநிரல் ஒன்று தாக்கியது. கடவுச்சொல்லை மாற்றும்படி சந்தாதாரர்கள் கேட்டுக்கொள்ளப்பட்டனர்.

குறிப்பின் தேதியும் கவனிக்கத்தக்கது. யூனிக்ஸ் கணக்கில் காலம் 1970 ஜனவரி 1 அன்று தொடங்குகிறது. வீட்டுப் பெட்டிகள் பலவற்றில் மின்கலம் கொண்ட கடிகாரம் இல்லை. ஆகவே கரண்டு போய் வந்ததும் பெட்டி 1970க்குத் திரும்புகிறது, இந்திய நேரம் அமைந்திருந்தால் காலை 5.30 என்று காட்டும். இணைப்பு கிடைத்து நேரச் சேவையகத்தோடு பேசிய பிறகே சரியான நேரம் வரும். ஆகவே நடுவில் 1970 என்று தொடங்கும் வரிகள் அந்த இடத்தில் பெட்டி அணைந்து எழுந்ததைச் சொல்கின்றன. இழைப் பழுதா மின்தடையா என்ற கேள்விக்கு இதுவே பல நேரம் விடை.

எல்லையும் சாட்சியும்

இணையச் சேவை உரிமங்கள் மூன்று வகை. ‘ஏ’ நாடு முழுவதற்கும், ‘பி’ ஒரு தொலைத்தொடர்பு வட்டத்துக்கும், ‘சி’ ஒரு வட்டாரத்துக்கும் உரியவை. தமிழ்நாட்டு வட்டத்துக்கு மட்டும் ‘பி’ உரிமம் பெற்ற நிறுவனம் களியக்காவிளையில் சேவை தரலாம், இஞ்சிவிளையில் தர முடியாது. 1956இல் வரைந்த கோடு இப்படி இன்றும் இழையைப் பிரிக்கிறது. புகார் எந்த மாநில அலுவலகத்துக்குப் போக வேண்டும் என்பதை வீடு நிற்கும் பக்கமும் உரிமமும் முடிவு செய்கின்றன.

பதிவை வைத்திருக்கும் பொறுப்பில் ஏற்றத்தாழ்வு இருக்கிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்தியக் கணினி அவசர நடவடிக்கைக் குழு வெளியிட்ட ஆணைப்படி, சேவை நிறுவனங்கள் தங்கள் கருவிகளின் பதிவுகளை 180 நாட்கள் காக்க வேண்டும். வீட்டுப் பெட்டிகளில் பலவும் குறிப்புகளைத் தற்காலிக நினைவகத்திலேயே வைக்கின்றன. மின்சாரம் போனால் அவை அழியும். புகார் சொன்னதும் ‘ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்கள்’ என்ற அறிவுரை வருகிறது. அதைச் செய்த கணமே வீட்டிலிருந்த சாட்சி மறைகிறது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2006இல் விதித்த தரநெறி, பழுதுகளில் 90 விழுக்காட்டுக்கு மேல் அடுத்த வேலைநாளுக்குள் சரிசெய்யப்பட வேண்டும் என்றது. மூன்று வேலைநாளைத் தாண்டினால் கட்டணத் தள்ளுபடியும் உண்டு என்றது. பழுது எப்போது தொடங்கியது என்று காட்ட முடியாத வீட்டுக்கு இத்தகைய விதிகளால் பயன் குறைவு.

198இல் புகார் சொன்ன காலத்தில் பதிவேடு நிலையத்தில் இருந்தது. இன்று அதன் ஒரு பிரதி வீட்டிலேயே இருக்கிறது. எனவே பெட்டியை அணைப்பதற்கு முன் குறிப்பேட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து வைக்க வேண்டும். ஒளி அளவையோ எஸ்.என்.ஆர். அளவையோ மாதம் ஒருமுறை எழுதி வைக்க வேண்டும். நேரச் சேவையகம் சரியாக அமைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பயனர் பெயரும் தொலைபேசி எண்ணும் தெரியும் பகுதிகளை மறைத்துவிட்டே படத்தைப் பிறருக்கு அனுப்ப வேண்டும். புகாரோடு தேதியும் நேரமும் குறிப்பு வரியும் சேர்ந்து போனால் பழுது கம்பியிலா, பெட்டியிலா, நிலையத்திலா என்று தேடும் வேலை பாதியாகக் குறையும்.